முதன்முறை வாசிப்பவருக்கு

அச்சகத்து நிலாம் நாலு பக்கம் கேட்டார்,
வெள்ளிக்கிழமைக்குள்.
"புதுசா வாசிக்கிறவனுக்கு விளங்கவேணும், அவ்வளவுதான்."

சரி.
சூசைநாதர் எழுதியது ஏழு நாடகம்,
ஒரு கவிதைப் புத்தகம், கையகலம்.
முதல் நாடகத்தில் தொடங்காதீர்கள்.
அதில் எல்லாரும் சபையைப் பார்த்துப் பேசுகிறார்கள்,
ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதில்லை.
மூன்றாவதை எடுங்கள்: 'நங்கூரக் கூலி'.
துறைமுகத்தில் பதினொரு நாள் வேலைநிறுத்தம்,
ஒரே அறை, ஒரே மண்ணெண்ணெய் அடுப்பு.
இரண்டாம் காட்சியில்
ஒருத்தி பேசாமல் அரிசியில் கல் பொறுக்குவாள்.
புத்தகத்தில் அது அரைவரி.
ஜிந்துப்பிட்டி மண்டபத்தில் நாலு நிமிடம்;
முன்வரிசையில் ஒருவர்
பீடி விரலைச் சுடும்வரை அசையவில்லை.

நாட்டாமை என்று வந்தால்
ஊர்ப்பெரியவரை நினைக்காதீர்கள்.
புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர்.

நான் பேராசிரியை அல்ல.
இடப்பக்கத் திரைச்சீலைக்குள்
சோடாப் பெட்டியில் குந்தி,
டோர்ச்சைச் சேலைத்தலைப்பால் மூடிப் பிடித்து
மறந்த வசனத்தை எடுத்துக்கொடுத்தவள்.
பதினாறு வருடம்.
அவர் நாடகம் ஒன்றைக்கூட நான் முன்னாலிருந்து பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்தவை முதுகுகள்,
நனைந்த பெனியன்கள்,
அரசனின் குதிக்காலில் வெடிப்பு.

கவிதைகளை மட்டக்குளி பஸ்ஸில் நின்றபடி வாசிக்கலாம்,
அந்த நீளம்தான்.
பேரை வாவியின் நாற்றத்தைப் பற்றி ஒன்று,
மனைவியின் பல்வலி பற்றி மூன்று.
நிலா எங்கும் வராது, தேடிப்பார்த்துவிட்டேன்.
காதல் என்ற சொல் ஒரேயொரு இடத்தில்.
அதுவும் அச்சுப்பிழை, 'காவல்' என்றுதான் எழுதியிருந்தார்.
திருத்தப் போனபோது
"கிடக்கட்டும், பிழை என்னிலும் கெட்டிக்காரன்" என்றார்.

பரீட்சைக்கு வருவது ஐந்தாவது.
முடிவில், கதவைத் திறக்காமல் தாய் சொல்வாள்:
"நீ என்றால் இவ்வளவு மெதுவாகத் தட்டமாட்டாய்."
ஆசிரியரின் நோக்கை விளக்குக. பன்னிரண்டு புள்ளி.
இந்த ஒற்றை வரிக்கு
ஒருவர் கலாநிதிப் பட்டம் வாங்கியிருக்கிறார்.

அது அவர் எழுதிய வரி அல்ல.

அறுபத்தொன்பது, கார்த்திகை மழை.
கூரை ஒழுகி, கடைசித் தாளில்
எழுத்தெல்லாம் ஊதாக் குளம்.
தெக்கிளா மறந்துபோய் என் பக்கம் கழுத்தைத் திருப்பினாள்.
டோர்ச் இருந்தது, வசனம் இல்லை.
வாயில் வந்ததைக் கொடுத்தேன்.
ஐம்பத்தெட்டில் நாங்களும்
ஒரு கதவைத் திறக்காமல் நின்றிருக்கிறோம்.

திரை விழுந்ததும் சூசைநாதர் வந்து
என் கொப்பியை வாங்கி
அந்தக் குளத்தின்மேல் தன் பேனாவால் அதை எழுதினார்.
"நீங்கள் முதலில் எழுதினது என்ன?"
"மறந்துபோச்சு" என்றார்.
தன் வரி ஒன்றை அவர் மறந்து நான் கண்டதில்லை.
பிறகு செட்டியார் தெரு முனையில்
பிளேன்டீ வாங்கித் தந்தார்,
தன்னுடைய சீனித்துண்டையும் என் தட்டில் வைத்தார்.

நிலாம், வேண்டுமென்றால் இதை வெட்டிவிடுங்கள்.
பிள்ளைகள் பன்னிரண்டு புள்ளியை இழக்கக்கூடாது.

ஆறாவது சுமார்.
ஏழாவதைத் தள்ளிவைக்கலாம்,
ஆனால் அதில் ஒரு நாய் வரும், நல்ல பாத்திரம்.
அதற்கு மட்டும் எதுவும்
எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.