நாலு ஓட்டை

பழைய இரும்புக்காரர் நியாஸ்தீன் கிலோக் கணக்கில்தான் விற்றார்.
எழுபத்தெட்டுக் கிலோ.
தாங்கிக்குள் இருந்த குளவிக்கூட்டுக்குக் கழிவு இல்லை.
"ஐம்பத்தேழாம் ஆண்டு பி.எஸ்.ஏ., தங்கச்சி.
என்ஜின் இறுகிப்போச்சு, ஆனா புத்தகம் இருக்கு."
புத்தகம் என்றால் கறையான் விட்டுவைத்த பாதி.
அந்தப் பாதியில் இலக்கம் இருந்தது: 2318.
பெயரும் இருந்தது:
கஸ்பார் சவிரியான், ஒட்டுசுட்டான்.

பிஸ்ரன் மூன்று கிழமை டீசலில் ஊறியது.
மல்லாவிப் பள்ளிக்கூடத்தில்
ஆய்வுகூடக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து
இரவிரவாய்த் தட்டினேன்.
அது அசைந்த அன்று மழை. அயலுக்கு அது இடிச்சத்தம்.

முல்லைத்தீவுக் கச்சேரியில் விமலேஸ்வரி மிஸ்
விரல் மடித்துச் சொன்னார்: கிராம அலுவலர் கடிதம்,
உரித்தாளியின் கையொப்பம், சேசிஸ் இலக்கத்துக்குப் பென்சில் பிரதி.
"புத்தகத்தில உள்ளபடிதான் தகட்டிலயும் இருக்கவேணும். விளங்கினதோ?"

கழுத்தில் தாளை ஒட்டிப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தேன்.
முதலில் துரு வந்தது. பிறகு ஒரு ஏழு.
பிறகு மிச்சமும் ஒவ்வொன்றாய் எழும்பி வந்து நின்றன,
பெயர் கூப்பிட்டதைப்போல.

ஒட்டுசுட்டானில் சவிரியானின் மருமகள் எமிலியா
கையொப்பம் வைக்க முதல் கேட்டாள்:
"முன் தகடும் வேணுமோ?"
கோழிக்கூட்டுக் கதவில், கீரிக்கு மறிப்பாய்,
கம்பியால் கட்டிக் கிடந்தது.
மாத்தளன் மணலில் சட்டி பானை விட்டவர்கள்,
மோட்டச்சைக்கிளையும் விட்டவர்கள்;
மாமன் தகட்டை மட்டும் ஏன் கழற்றினார் என்று
அவளுக்கும் தெரியாது.
"நட்டஈட்டுக்குக் காட்ட எண்டு நினைச்சாரோ என்னவோ.
ஒரு சதமும் வரேல்ல."
மாற்றுத் தகரம் தந்தால் எடுக்கலாமாம்.
பால்மாப் பேணி இரண்டை வெட்டி விரித்துக் கொண்டுபோனேன்.
கீரிக்கு இது காணாது என்று திருப்பி அனுப்பினாள்.
மறுநாள் கூரைத் தகரம்.

மண்ணெண்ணெயில் சீலை நனைத்துத் துடைத்தேன்.
கோழி எச்சம். கீழே சாம்பல் பூச்சு.
அதன் கீழே சிவப்பில் வேறொரு இலக்கம்,
இங்கே வேறொரு கந்தோர் இருந்த காலத்தது.
அதன் கீழே தமிழ் ஸ்ரீ, தூரிகை பழகாத கை.
அதன் கீழே தார்.
தாரின் கீழே சிங்கள ஸ்ரீ,
கறுப்பில் வெள்ளையாய், நேற்று எழுதினதுபோல.
தார்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஓரத்தில் ஒரு துளித் தார் மட்டும் வரவில்லை.
கிட்டப் பிடித்தால் அதில் ஒரு பெருவிரல்,
ரேகை சுழி சுழியாய்.
சவிரியானுடையதோ,
ஐம்பத்தெட்டில் சந்தியில் மறித்துப் பூசினவனுடையதோ.
பென்சிலும் தாளும் பக்கத்தில் கிடந்தன.
பிரதி எடுக்கவில்லை. சுரண்டவும் இல்லை.

பூட்டும்போதுதான் எண்ணினேன், தகட்டில் நாலு ஓட்டை.
இரண்டு முதலே இருந்தவை.
இரண்டு எமிலியா ஆணியால் அடித்தவை.
முதல் இரண்டுக்கும் பொருந்துகிற சுரையாணி
வவுனியாவிலும் இல்லை.
தண்ணிப்பம்பு திருத்துகிற கோணேசன்
பழைய ஆணிப் பேணியைச் சாக்கில் கவிழ்த்து
ஒரு பின்னேரம் முழுக்கக் கிளறினார்.
ஒன்று சரியாய் இருந்தது. மற்றது ஏறக்குறைய.

விமலேஸ்வரி மிஸ் தகட்டைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார்.
விரலைக் காணவில்லை, அல்லது கண்டார்.
முத்திரை குத்தினார்.

மாங்குளம் சந்தியில் பொலிஸ் மறித்தது.
பொடியனுக்கு இருபத்திரண்டு இருக்கும்.
குனிந்து, எழுத்தைத் தன் பாசையில் வாசித்து, நிமிர்ந்து,
"லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்றான்.
ஐம்பது என்றேன். பொய்.

ஏ ஒன்பதில் நாற்பதைத் தாண்டினால்
சும்மா கிடக்கிற இரண்டு ஓட்டையிலும் காற்றுப் புகுந்து
விசிலடிக்கிறது.
அடைத்துவிடு பிள்ளை, தகடு வெடிக்கும் என்கிறார் கோணேசன்.
சரி என்றேன்.
கனகராயன்குளம் மட்டும் போய்த் திரும்பிவிட்டேன்.
வொஷர் இரண்டும் இன்னும் பொக்கற்றில்தான் கிடக்குது.