எத்தனை நாளாக் காய்ச்சல்

ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரி வாங்கில்
துண்டு நம்பர் நாற்பத்தொன்று.
உள்ளே என்ன கேட்பார்கள் என்று தெரியும்.
முத்தையன்கட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போதே
பதிலை ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் மிதுர்சன்
கோழிக்குஞ்சுகளைக் கலைக்காமல் படுத்திருந்தான்.
அதைக் காய்ச்சலில் சேர்ப்பதா?
உடம்பு சுடவில்லை.
குஞ்சுகள்தான் பயமில்லாமல்
அவன் கால்மாட்டில் கொத்தித் திரிந்தன.

திங்கள் சுட்டது.
கனகரூபன் கடையில் பனடோல்,
பாதியாய் உடைத்து, அதிலும் பாதி,
சீனித் தண்ணியில் கரைத்து.
வேர்த்தான். விட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய் கச்சான் பிடுங்க ஆள் கேட்டார்கள்.
அவனைப் பாலைமரத்தின் கீழே சாக்கில் கிடத்தி,
நிழல் நகர நகரச்
சாக்கை இழுத்து இழுத்துப் பிடுங்கினேன்.
மத்தியானம் நிழல் மரத்தடியோடு ஒடுங்கிவிட்டது.
என் நிழலை வைத்தேன். அது போதவில்லை.

இரவு தவமலர் அக்கா வந்து நாவூறு என்றா.
செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டோம்.
நெடி வரவில்லை. பார்த்தியா, என்றா.
பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆறுதலாய் இருந்தது.
நாவூறுக்கு பஸ் காசு வேண்டாம்.

புதன் குழுக்கடன் கட்டும் நாள்.
நான் போகாவிட்டால் என் பங்கை
மற்ற நாலு பெண்களும் கட்ட வேணும்.
அதில் ஒருத்தி தவமலர் அக்கா.

புதன் இரவு உடம்பு குளிர்ந்தது.
தெய்வமே என்று கும்பிட்டேன்.
பிறகு அவன் வயிறு நோகுது என்றான்,
தண்ணியை வாயில் வைத்துவிட்டு விழுங்காமல் இருந்தான்.
வவுனியாவில் மேசன் வேலைக்குப் போனவரின்
போன் எடுபடவில்லை.
ஓட்டோக்காரப் பொடியன் எடுத்தான்:
"குளக்கட்டு வளைவில யானை நிக்குது அக்கா,
விடியட்டும்."
விடியும் வரைக்கும்
அவன் மூச்சில் கையை வைத்தபடி இருந்தேன்.

இதையெல்லாம் எந்தக் கேள்விக்குள் வைப்பது?

டொக்டர் தெற்கிலிருந்து வந்தவர், சின்னப் பிள்ளை.
தமிழை ஒவ்வொரு கல்லாய்ப் பார்த்து மிதிக்கிறார்:
"காய்ச்சல், எப்ப இருந்து?"
"நேற்று."

ஏனென்றால் போன மாரியில்
மகளைக் கொண்டுவந்தபோது உண்மையைச் சொன்னேன்.
இவ்வளவு நாளும் என்ன செய்தனீர்,
பிள்ளை பெறத் தெரியுது, பார்க்கத் தெரியாதோ என்று
மிஸ்ஸி ஏசினா, முழு வரிசையும் கேட்க.
இன்றைக்கும் அதே மிஸ்ஸி.

மருந்து யன்னலில் எனக்கு முன்னால் ஆறு பேர்.
கழுத்தில் கிடந்த அவன் கை
ஆற்றுக் கல் மாதிரிக் குளிர்ந்தது.
ஐந்து பேர்.
நேற்று என்ற சொல்
மீன்முள்ளாய்த் தொண்டையில் நின்றது.
நாலு பேர்.

வரிசையை விட்டேன்.
கதவடியில் நின்ற கிழவர் சத்தம் போட்டார்,
யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.
"டொக்டர், நேற்று இல்லை. நாலு நாள்.
நேற்றிரவு காய்ச்சல் விட்டது."

பேனையைக் கீழே வைத்தார்.
மகனின் பெருவிரல் நகத்தை அமத்தி, விட்டு,
வெளுத்த இடத்தில் இரத்தம் திரும்பும்வரை
ஒன்றும் பேசாமல் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
ஞாயிறு. திங்கள். செவ்வாய். புதன்.
அவ்வளவு மெல்லமாய் வந்தது அந்தச் சிவப்பு.

மிஸ்ஸி ஏசினா.
ஏசி ஏசியே
நூல் மாதிரிக் கிடந்த நரம்பில்
ஒரே தரத்தில் ஊசியை ஏற்றினா,
சேலைன் போத்தலை என் கையில் தந்து
"உயர்த்திப் பிடியும்" என்றா,
அம்புலன்ஸ் வரைக்கும் கூட ஓடிவந்தா.

மாஞ்சோலையில் வேறொரு கதவு, வேறொரு மேசை.
புதுக் கொப்பி விரிக்கிறார்கள்.
"எத்தனை நாளாக் காய்ச்சல், அம்மா?"

கோழிக்குஞ்சிலிருந்து தொடங்கினேன்.