ஆறுதலா

புறக்கோட்டையில் கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது.
போயாவாம்.
பௌர்ணமிக்கு ஊரே லீவு விடுமென்று
திருப்பூரில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பையில் மர்சூக் ஹாஜியாரின் பாக்கிக் கணக்கு.
நாலு துளைப் பொத்தான், முத்து வெள்ளை,
பதினோரு மாத நிலுவை.
போனில் அவர் குரல்
நனைந்த துணிபோல் மெதுவாக விழுந்தது:
"இன்டைக்கி எல்லாம் பூட்டு. நாளைக்கி வாங்களே."

ஆட்டோவைத் திருப்பிக்கொண்டே செல்வநேசன் சொன்னார்:
"இனி என்ன அவசரம் அக்கா, ஆறுதலாப் போவம்."

எங்கள் ஊரில் ஆறுதல்
செத்த வீட்டுக்கு வருவது.
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு
காபி வேண்டாமென்று சொல்லி, பிறகு குடித்து,
அரை மணியில் எழுந்து போவது.
மாசியில் தம்பி போனபோது
நாற்பது ஐம்பது ஆறுதல் வந்தது.
நாலாம் நாள் நான் குடோனில் நின்று
மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கண்டெய்னர் கிளம்ப நேரமாகிவிட்டது.

காலையில்கூட,
வெள்ளவத்தையில் அறை கொடுத்த தர்மினி
பாணும் சம்பலும் வைத்துவிட்டு
"ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றபோது
திடுக்கிட்டேன்.
தம்பி விஷயம் இவளுக்கு யார் சொன்னது?

பிறகுதான் புரிந்தது
இங்கே அது ஒரு வேகத்தின் பெயர்.

அந்த வேகத்தில்தான் போனது பகல்.
காலிமுகத் திடலில் ஒரு குடைக்குக் கீழே
நாலு செருப்புக் கால்கள், முகங்கள் இல்லை.
நூல் அறுந்த பட்டத்தைத் துரத்தாமல்
போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான் ஒரு பையன்.
இறால் வடை வாங்கினேன்.
இறாலை மட்டும் கொத்திக்கொண்டு போனது காக்கை.
வடைக்காரன் கேட்காமலே
இன்னொரு இறாலை வைத்துத் தந்தான்.
நான் காசை நீட்ட, அவன் காக்கையைக் கைகாட்டினான்
அது தருமாம்.

எங்கள் தெருவில் இந்நேரம்
பவர் டேபிள் மெஷின்கள்
பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும்.
பீஸுக்கு இவ்வளவு, டஜனுக்கு இவ்வளவு.
சும்மா உட்கார்ந்தால் என் கை
மடியில் கிடக்கிற எதையாவது எண்ணும்.
அன்றைக்குப் புடவை மணலை எண்ணியது.
முப்பதுக்கு மேல் போகவில்லை.

மறுநாள் ஹாஜியார் எனக்கு முன்னால்
ப்ளேன் டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தார்.
"தம்பி வரல்லையா? அவரு வந்தா
ரெண்டு நாள் கூடவே நிப்பாரே."

ஆமாம், நிற்பான்.
ஒவ்வொரு முறையும் போனில் கத்துவேன்,
ரெண்டு நாள் அங்க என்னடா பண்றே?
"ஒண்ணும் பண்ணலக்கா. கடல் இருக்குது."
அப்போதெல்லாம் அந்த ரூம் வாடகையை
அவன் கணக்கில் பற்று எழுதினேன்.
என் கையெழுத்தில் இருக்கிறது, இன்னும்.

சொன்னேன்.
செக்கில் பாதி எழுதியிருந்த பேனா நின்றது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்துபோய்
தன் பக்கம் சுழன்ற மேசை ஃபேனை
என் பக்கம் திருப்பி வைத்தார்.
வெகு நேரம் கழித்து
மீதித் தொகையை எழுதினார்,
தேதி மட்டும் அடுத்த மாதத்துக்கு.
நான் பேரம் பேசவில்லை.

சாயங்காலம் வெள்ளவத்தையில்
தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே
ஒரு கருங்கல்லில் உட்கார்ந்திருந்தேன்.
குடோனிலிருந்து போன்.
"அக்கா, நைட்டு ஃப்ளைட்தானே?"
தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் வந்தது,
வாசலெல்லாம் ஆள் தொங்கிக்கொண்டு,
சட்டைகள் உப்புக்காற்றில் உப்பிக்கொண்டு.
எத்தனை பொத்தான்!
எண்ணுவதற்குள் போய்விட்டது.

"அக்கா? கேக்குதா?"

கேக்கல, என்றேன்.
ரயில் அதற்குள்
பம்பலப்பிட்டியைத் தாண்டியிருந்தது.