பூட்டைத்தான், ஐயா

வெள்ளிக்கிழமை மாலை ஏழரைக்குக் கூப்பிட்டார்கள்.
ஒன்பதாம் மாடி, தெற்கு மூலை அறை.
உள் உருளையை மாற்றினால் போதும்,
கதவு பழசே இருக்கட்டும் என்றாள்
செயலாளர் ஒடிலா பெரைரா.
யாருடைய அறை என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
மொண்டெவிடியோவில் ஜூலைக் குளிர்.
ஆற்றுக்காற்று ஜன்னல் இடுக்கில் ஊளையிடும்போது
கேள்விகள் கோட்டுப் பைக்குள்ளேயே கிடக்கும்.

இருபத்திரண்டு வருடமாக
இந்தக் கட்டிடத்தின் பூட்டுகள் என் பொறுப்பு.
ஐந்து அதிபர்களைப் பார்த்துவிட்டேன்.
பூட்டு ஒருபோதும் கட்சி மாறியதில்லை.

கதவில் பித்தளைத் தகடு:
எவாரிஸ்தோ பஸ்தோரினோ, ஆலோசகர்.
எதற்கு ஆலோசகர் என்று தகடு சொல்லாது.
கேலிச்சித்திரம் சொன்னது:
அதிபர் ஒரு தகரக் குரங்கு, மேளம் கொட்டுகிறது,
முதுகில் சாவி கொடுப்பது இவர்.
கீழே பணியாளர் சமையலறையில் ஒட்டிவைத்துச் சிரித்தோம்.
லிஃப்ட் திறந்து அவர் வந்தால்
சுவரோடு சுவராக நின்றோம்.

இப்போது வழக்கு.
துறைமுக டெண்டர், ஒட்டுக்கேட்ட தொலைபேசிகள்,
மைத்துனன் பெயரில் ஒரு மாட்டுப்பண்ணை.
புதன்கிழமை அரசு வழக்கறிஞரின் நோட்டீஸ்.
வியாழக்கிழமை வானொலியில் அதிபர்:
"அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை."
முழு நம்பிக்கை என்று காதில் விழுந்ததுமே
பையில் புது உருளை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

மேசையில் வெந்நீர்க் குடுவை. தொட்டேன், சூடு.
பக்கத்தில் சுரைக்குடுக்கை நிறைய மத்தே இலை,
இன்னும் பச்சையாக.
உறிஞ்சுகுழல் ஒருபக்கம் சாய்ந்திருந்தது
பாதிப் பேச்சில் எழுந்துபோனவரைப் போல.

அந்த மனிதருக்கு நான் கடன்பட்டவன்.
நான்கு வருடம் முன்பு
என் மகள் நெரெய்தாவுக்குச் சிறுநீரகக் கோளாறு.
காத்திருப்புப் பட்டியலில் பதினோரு மாதம்.
லிஃப்டில் என் முகத்தைப் பார்த்து என்ன என்றார். சொன்னேன்.
ஒரே ஒரு போன்.
செவ்வாய்க்கிழமை படுக்கை கிடைத்தது.
அதில் யார் படுத்திருக்க வேண்டும் என்று
நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.
குற்றச்சாட்டுகளில் அந்த போன் இல்லை.
நாளிதழை இரண்டு முறை படித்து உறுதிசெய்துகொண்டேன்.

பழைய உருளை கையோடு வந்த நேரம்
வெளியே காலடி.
நனைந்த கோட்டு, காற்றில் கலைந்த தலை.
கதவு திறந்தேதான் இருந்தது.
ஆனாலும் பழக்கத்தில் சாவியை நீட்டினார்.
துளை இருந்த இடத்தில் வட்டமாய் ஒரு ஓட்டை,
அதன் வழியே என் விரல்.

"தாடேயோ," என்றார்.
என் பெயர் ஞாபகம் இருந்திருக்கிறது.
"என்னையா கழற்றுகிறாய்?"
"பூட்டைத்தான், ஐயா."
"நல்ல கம்பெனியா?"
"இத்தாலி."
மசோதாவைப் படித்து முடித்தவர்போலத் தலையாட்டினார்.
பிறகு,
அந்தக் குடுக்கையை எடுத்துக்கொள்ளலாமா என்று
அனுமதி கேட்டார். என்னிடம்.
அமைச்சர்களைப் பென்சில் கோட்டில் அடித்த கை
நிலைப்படிக்கு அப்பாலேயே நீண்டு நின்றது.

எதுவும் வெளியே போகக் கூடாது,
திங்கட்கிழமை சீல் வைக்க வருவார்கள்.
அது ஒடிலாவின் உத்தரவு.
குடுக்கையைக் கொடுத்தேன். வெந்நீரையும்.
அவர் கண் மேசை இழுப்பறைப் பக்கம் போனது.
நான் இரண்டடி நகர்ந்து
இழுப்பறையை மறைத்து நின்றேன்.
என் கடன் அவ்வளவுதான் தாங்கும்.
அவருக்கும் அது புரிந்தது என்றே நினைக்கிறேன்.

லிஃப்ட் அவர் அட்டையை ஏற்கவில்லை.
படியில் இறங்கினார்.
ஆறாம் மாடித் திருப்பத்தில் காலடி நின்றது;
நீண்டதொரு உறிஞ்சும் சத்தம்.
மறுபடி காலடி.

இரவு பத்துக்கு அறிக்கை வந்தது:
தனிப்பட்ட காரணங்கள், அரும்பணிக்கு நன்றி.
மேளத்துக்கு யார் சாவி கொடுத்தார்களோ, தெரியவில்லை.

புது உருளையோடு மூன்று சாவிகள் வரும்.
ஒன்று ஒடிலாவுக்கு, ஒன்று காவலறைக்கு.
மூன்றாவதை உறையில் போட்டு
பெயர் எழுதும் கோட்டை வெறுமையாக விட்டேன்.

திங்கட்கிழமை
சீல் வைப்பவர்கள் வருமுன்பே
தகடு செய்பவன் அளவுநாடாவோடு வந்து நின்றான்.
துளைபோட வேண்டாம் என்றேன்.
பழைய நான்கே போதும்.