இட்டேறி, பதிப்பு 0.3

காங்கயம், சென்னிமலை ரோட்டில்
இருபத்துநாலு மணிநேர எடைமேடை.
எனக்கு ராத்திரி ஷிப்ட்.
கொப்பரை லாரி ஏறும், நிற்கும், இறங்கும்.
சீட்டுக் கிழித்துக் கொடுத்த பின்
அடுத்த லாரிக்கு நாற்பது நிமிஷம் கிடைக்கும்.
அந்த நாற்பதுகளைக் கோத்துத்தான்
ஒரு மொழி எழுதினேன்.

"நிரல் எழுதறதுக்கு மொழி ஒண்ணு செய்யறேனுங்க" என்றேன் ஓனரிடம்.
முத்துரத்தினம் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.
"இருக்கறது பத்தலையாக்கும்?"

முதலில் எழுத்துகளைச் சொல்லாக நறுக்கும் பகுதி.
'க்' என்பது ஒன்றா இரண்டா என்று
கணினிக்கும் எனக்கும் ஒரு மாசம் வழக்கு.
பிறகு சொற்களை மரமாக நிறுத்துவது,
வேர் மேலே, கிளை கீழே.
பிறகு அந்த மரத்தைச் செதில் செதிலாய்
எந்திரத்துக்கு ஊட்டுவது.
கம்பைலர் என்றால் இவ்வளவுதான் என்று
சொல்லிக்கொண்ட வருஷத்தில்
மூன்று முறை அழித்து எழுதினேன்.

பெயருக்கு ரொம்ப யோசிக்கவில்லை.
எங்கள் தோட்டத்துக்குப் போகிற வழி:
இரண்டு பக்கமும் கிளுவை வேலி,
அங்கங்கே காட்டுக்குள் நுழைய ஒரு படல்,
நடுவில் வண்டி போகிற அகலம்,
யார் பட்டாவிலும் வராத மண்.
மூலநிரலைப் பொதுவில் வைத்து
உரிமம் என்ற இடத்தில் எழுதினேன்:
நடக்கலாம். வெட்டி அகலப்படுத்தலாம்.
அகலப்படுத்தியதை அடைக்கக் கூடாது.

இரண்டு வருஷம் ஒரு குளம்படி இல்லை.
நான் போனேன், நானே வந்தேன்.

ஆடிக்காற்று தகரக் கூரையைப் பிடுங்கிய ஒரு ராத்திரி
மூலனூரிலிருந்து பிழைக் குறிப்பு.
பால் சொசைட்டியில் கணக்கெழுதும் ரஹமத்துனிசா.
"கொழுப்பு 4.25.
நிரலில் எண்ணை நேராக எழுதினால் 4.3 என்கிறது.
கருவியிலிருந்து வாங்கினால் 4.2 என்கிறது.
மாடு ஒண்ணுதானுங்க."

தேடினேன்.
முன்பே தெரிந்த எண்களுக்கு
ஓடும் முன்பே விடை போட்டுவைக்கும் என் கம்பைலர்;
நான் கர்வப்பட்ட பகுதி அது.
அங்கே அரையை மேலே தள்ளியிருந்தேன்.
ஓடும்போதோ அரை, இரட்டைப்படைப் பக்கம் சாய்கிறது.
ஒரே கடையில் இரண்டு தராசு.
அதுவும் எடைமேடையில் உட்கார்ந்துகொண்டு.

என் மொழியில் யாரோ பால் அளக்கிறார்கள் என்று
சந்தோஷப்பட ஒரு நிமிஷம்.
யார் யாருக்கு எத்தனை பைசா குறைந்ததோ என்று
வயிறு கலங்க மீதி ராத்திரி.

கேட்டேன். அவர் ஏற்கெனவே கூட்டி வைத்திருந்தார்:
நாற்பத்தேழு வீடு, எட்டு மாசம்,
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
சொசைட்டியில் பேசி வாங்கியும் கொடுத்தாச்சு.
"பணத்த உடுங்க.
இதுக்கொரு சோதனை எழுதிப் போடுங்க,
நாளைக்கு வேற யாராச்சும் இதே குழில உழுகாம."

விடியற்காலை பதிப்பு 0.3.
கம்பைலரைக் கம்பைலரால் கட்டி,
கட்டியதை வைத்து மறுபடி கட்டி,
இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன்.
நாலு பைட் மட்டும் பொருந்தவில்லை:
கட்டிய நேரத்தை உள்ளே அச்சடித்திருந்தேன்.
எடைச் சீட்டுப் பழக்கம்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து நிரலே வந்தது.
பிழைச் செய்திகளை மட்டும் தொட்டிருந்தார்.
'அடைப்புக்குறி மூடப்படவில்லை' என்று நான் எழுதியது
அதட்டுகிற மாதிரி இருக்குதாம்.
புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் படித்துவிட்டு
கணினியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனவன்
மதியம்தான் வந்தானாம்.

மூன்று நாள் வாதாடினேன்,
கம்பைலருக்கு எதற்கு உபசாரம் என்று.
நாலாம் நாள் லாரிக்கும் லாரிக்கும் நடுவே
அவர் திருத்தத்தை இறக்கி வைத்துக்கொண்டு
அவசரமாக ஒரு நிரல் எழுதி ஓட்டினேன்.
வெளியே ஹாரன்.
திரையில்:

வரி 7: படலைச் சாத்தாம வந்துட்டீங்க.