நீல வட்டங்கள்

திங்கள்: இடது விலா, ஐம்பது காசு அகலம்.
புதன்: அதற்கு மேலே நான்கு விரல்.
வெள்ளி: ஒன்றுமில்லை.
ஞாயிறு காலை அக்குளில் வந்து உட்கார்ந்திருந்தது,
சிவந்து, சூடாக,
முன்பணம் கொடுத்துக் குடிவந்தவன்போல.

ஆலையில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறவள் நான்.
சுங்காய் சாலையில் வருகிற ஒவ்வொரு லோரிக்கும்
உள்ளே போகையில் ஒரு எடை, வெளியே வருகையில் ஒரு எடை;
கழித்தால் மிஞ்சுவதுதான் செம்பனைக் குலை.
அந்தப் பழக்கத்தில் இவர் உடம்பிலும்
நீலப் பேனாவால் வட்டம் போட்டுத் தேதி எழுதினேன்.
குளித்தால் அழியும். மறுபடி எழுதினேன்.

குளவி என்றார். பிறகு, மட்டை முள் என்றார்.
முள் நடக்குமா என்று கேட்டேன்.
திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தாப்பா மருத்துவமனையில் டாக்டர் ஹஸ்லிண்டா
சட்டையைத் தூக்கியதும் சிரித்துவிட்டார்.
பிறகு சிரிக்கவில்லை.
வட்டத்துக்கு வட்டம் விரல் வைத்து
என் தேதிகளைப் படித்தார்.
"மீன் ஏதாவது, என்சிக் குணாளன்? வேகாதது?"
இல்லை என்றார் இவர்.
நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் டிங்கிக் கொசு,
ஆள் உயரத்துக்கு.
"ஆருவான்," என்றார் அப்புறம், வேறு யாரையோ காட்டிக்கொடுப்பதுபோல.
"பாரிட்டில் பிடித்தது. லிமாவ் பிழிந்து, சிலிப்பாடி நறுக்கி…
வெந்ததுபோல வெள்ளையாகத்தான் இருந்தது."

டாக்டர் மலாயில் மெதுவாகச் சொன்னார்:
புளிப்பு சதையை வெளுக்கும்;
சதைக்குள் சுருண்டு கிடப்பதை ஒன்றும் செய்யாது.
புழு. ஒன்றே ஒன்றாகக்கூட இருக்கலாம்.
மனித உடம்பில் அதற்கு வளர இடமில்லை,
வழி தெரியாமல் அலைகிறது.
இருபத்தொரு நாள் மாத்திரை.
கண்ணில் ஏதாவது மாறினால், எந்த நேரமானாலும், வாருங்கள்.

மோட்டாரில் திரும்பும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்,
ஓவர்டைம் என்று சொன்ன ராத்திரியா?
ஹெல்மெட் ஆடியது.
ஸோ லினுக்கு ஊரில் வீடு எரிந்த சேதி வந்த ராத்திரி.
அவன் அம்மா செய்கிற மாதிரி செய்து வைத்திருந்தான்.
கொங்சியில் ஒருத்தரும் தொடவில்லை.
"ஒரு வாய் எடுத்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.
இன்னொரு வாய் எடுத்தேன்."

கோபம் வந்தது.
யார்மேல் வைப்பது என்று தெரியாமல்
அதையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பீடோர் தாண்டிய பிறகுதான் உறைத்தது:
சமைத்தவன் தின்னாமலா இருந்திருப்பான்?
அவன் பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில்.
வெளிநாட்டுக்காரனுக்கு ஆஸ்பத்திரிக் கட்டணம் வேறு.

சாயங்காலம் பேனாவோடு கொங்சிக்குப் போனேன்.
குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தான்.
நான் வாயைத் திறக்குமுன்
ஈரக் கையாலேயே சட்டைக் கையைச் சுருட்டினான்.
மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை
அவனே வரைந்து வைத்திருந்தான், கறுப்பு மையில்,
பக்கத்தில் அவன் பாஷையில் என்னவோ.
அந்த எழுத்தே வட்டம் வட்டமாக இருக்கிறது.

எது வீக்கம், எது தேதி?
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அரிசித் தண்ணீர் அவன் முழங்கையில் இறங்கி
கடைசி வட்டத்தைக் கலைத்துக்கொண்டிருந்தது.