கால் மணிக்கொரு முறை

கோட்காவில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
பட்டியலில் ஏழாவது வீடு.
பழைய மின்மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும்,
அவ்வளவுதான் என் வேலை.

கதவைத் திறந்தவள்
முன்நெற்றி முடியைச் சுருட்டி ஏற்றியிருந்தாள்.
பாசிப்பச்சைப் பாவாடை. உதட்டில் செங்கல் சிவப்பு.
படப்பிடிப்பா என்று கேட்டேன்.
"செவ்வாய்க்கிழமை" என்றாள் வில்யா தொய்வானென்.

பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போனேன்.
துணிக் கிழிசலில் நெய்த விரிப்பு,
எனாமல் பாத்திரத்தில் காப்பி.
வானொலி திருகியதும் பேசவில்லை.
வால்வு சூடேற ஒரு நிமிடம் கேட்டது.
அந்த நிமிடம் முழுக்க அதன் முன்னால் நின்றாள்,
வந்தவர் கோட்டைக் கழற்றும்வரை
பொறுத்திருப்பதுபோல.

சுவரில் 1953-ஆம் ஆண்டு நாட்காட்டி.
இந்த வருஷக் கிழமைகளோடு அச்சுப்பிசகாமல் பொருந்துகிறதாம்.
ஈஸ்டர்கூட அதே ஏப்ரல் ஐந்து.
அடுத்த வருஷத்துக்கு ஐம்பத்து நாலு தயார்,
ஈஸ்டர் மட்டும் தப்பும்.
அதற்கடுத்து
பிப்ரவரி இருபத்தொன்பது வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

"அப்போது?"

"நாற்பத்து நாலுதான் பொருந்தும்.
அதில் போர் நடக்கிறது.
மாட்ட மாட்டேன்."

பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள்,
ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தபடி.
அந்தக் காலத்துப் புருஷனும் வேண்டுமோ
என்று கேட்டார்களாம் கூட வேலை செய்பவர்கள்.
வந்தான் ஒருவன்.
பாவாடையைப் பார்த்து
சாப்பாடு தட்டில் வரும் என்று நினைத்துவிட்டான்.
கோடைக்கு முன்பே அனுப்பிவிட்டாள்.

மின்சாரத்தை நிறுத்தினேன்.
வாக்கியத்தின் நடுவே வானொலி செத்தது.
இருட்டில்லை, ஜன்னலில் பனியின் வெளிச்சம்.
அப்போதுதான் அவள் இடுப்பில் ஏதோ கூவியது,
மூன்று முறை.

தையலுக்குள் கைவிட்டு எடுத்தாள்.
உள்ளங்கையளவு இன்சுலின் பம்பு.
அதற்கென்று ஒரு பை,
அதே பச்சை நூலில் ஓரம் மடித்தது.
குழாய் போக ஒரு பொத்தான் துளை.
மாதிரித்தாளில் அந்தப் பை கிடையாது,
தானே யோசித்துத் தைத்தது என்றாள்.

"என்னைப்போன்றவர்கள் அன்று
கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்தார்கள்,
மழுங்கினால் கல்லில் தீட்டினார்கள்.
எனக்கு அவர்கள் உடுப்பு போதும்."

பொத்தானை அமுக்கி அதை வாய்மூட வைத்தாள்.
சர்க்கரைக் கட்டி ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்து
அதன் வழியே காப்பியை உறிஞ்சினாள்.
பழைய வழக்கம். இன்று மருந்தும் அதுவே.

எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள்.
என் வீட்டில் ஐந்து வருஷத்தில் மூன்று நாற்காலி;
கால் ஆடும், தூக்கிப் போடுவேன், வேறு வரும்.
அவளுடையது முனகவில்லை.
என் முதுகுதான் முனகியது.

வேலை முடிந்ததும் டேப்லெட்டை நீட்டினேன்.
விரலால் கையெழுத்திட்டாள்.
கண்ணாடியில் அது மண்புழுவாக நெளிந்தது.
"இதுவா நான்?" என்று
மேஜையிலிருந்த தாளில் மைப்பேனாவால் இன்னொன்று போட்டாள்,
யாருக்கும் தேவைப்படாத ஒன்று.
வேனில் கண்ணாடி ஓரம் செருகி வைத்திருக்கிறேன்.
ஏன் என்று யார்மோ கேட்டான்.
பதில் சொல்லத் தெரியவில்லை.

புதிய மீட்டர் கால் மணிக்கொரு முறை
அலுவலகத்துக்குக் கணக்குச் சொல்லும்.
சரியாக மாட்டினேனா என்று மறுநாள் கோட்டைப் பார்த்தேன்.
காலை ஆறுக்குச் சிறு மேடு: காப்பி.
ஆறே காலுக்கு அதன்மேல் ஒரு புடைப்பு: வால்வு சூடேறியிருக்கும்.
இரவெல்லாம் தாழ்வாக, விடாமல், ஏறி இறங்கும் அலை.
கம்பளித் திரைக்குப் பின்னால்
அவள் காட்டாத குளிர்பெட்டி,
அதற்குள் வரிசையாக மருந்துக் குப்பிகள்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
கோட்டில் ஆண்டு எங்கும் தெரியவில்லை.